கடலோர மோர்ஸ் நிலையம் என்றால் என்ன? அதை ஏன் இன்னும் இயக்குகிறார்கள்?

குளிரில் பல் தந்தியடிக்கிறது என்கிறோம். தந்தி அலுவலகத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். அந்தக் கடகட ஓசை எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோய், சொல் மட்டும் வாயில் நின்றுவிட்டது. மோர்ஸ் சங்கேதத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: நடுங்கும் பல், 'தந்தி வந்திருக்கு' என்றதும் பிரித்துப் படிக்கும் முன்பே அழத் தொடங்கிய பாட்டிகள், அப்புறம் சினிமாவில் கப்பல் மூழ்கும்போது கேட்கும் எஸ்ஓஎஸ்.

தபாலாபீஸ் தந்திக்குக் கம்பி உண்டு. கடலுக்கு நடுவே கம்பி ஏது? அங்கே அதே சங்கேதம் காற்றில் போயிற்று. அதை அனுப்பிய, வாங்கிய கரையோர நிலையங்களைப் பற்றியும், அவற்றில் ஒன்றை இன்றும் உயிரோடு வைத்திருக்கும் சிலரைப் பற்றியும் இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ரேடியோ பற்றி எதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை.

சிற்றலையில் முள்ளை மெல்ல நகர்த்தி இலங்கை வானொலி தேடியவர்களுக்கு, இரண்டு நிலையங்களுக்கு நடுவே 'கீ கீகீ கீ' என்று ஒரு ஓசை குறுக்கிட்டது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு 'மிலிட்டரிக்காரன் பேசுகிறான்' என்று விளக்கம். நான் அதை நம்பி, ராத்திரியில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஏதோ திருட்டுத்தனம் செய்வதைப்போலக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாட்டு கேட்க ரேடியோ போட்டவன் பாட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். அது விட்டபாடில்லை. பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது, அப்படிக் கேட்டவற்றில் பலவும் கப்பல்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கடலோர நிலையங்கள் என்று.

கப்பலுக்கு ஒரு தபாலாபீஸ்

கடலோர நிலையம் என்பதைக் கப்பல்களின் தபாலாபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் போகும் கப்பலுக்குக் கம்பெனியிலிருந்து உத்தரவு வரவேண்டும்: எந்தத் துறைமுகத்துக்குப் போவது, எங்கே எண்ணெய் நிரப்புவது, சரக்கை எங்கே இறக்குவது. கப்பலிலிருந்து கரைக்கு இருக்குமிடமும் வந்துசேரும் நாளும் போகவேண்டும். புயல் எச்சரிக்கை வேண்டும். மாலுமிக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் யாராவது சொல்லவேண்டும். இவை எல்லாம் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு போன தந்திகள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காசுப்பேச்சு கிடையாது.

உலகெங்கும் இப்படி நூற்றுக்கணக்கில் நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்புக்குறி. மெட்ராஸ் ரேடியோவுக்கு விடபிள்யூஎம், பம்பாய்க்கு விடபிள்யூபி, கல்கத்தாவுக்கு விடபிள்யூசி, கொழும்புக்கு 4பிபி. கப்பல்காரர்கள் ஊர்ப்பெயரைவிட இந்தக் குறிகளைத்தான் அதிகம் சொன்னார்கள்.

நான் சொல்லப்போவது அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில் இருக்கும் கேபிஎச். பெயரே ஒரு கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில் அமைந்த நிலையம் என்பதால், ஹோட்டல் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'பிஎச்' என்று வைத்தார்கள். 1906 பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் ஹோட்டலை அழித்தன. நிலையம் இடம் மாறி மாறிப் போயிற்று. பின்னால் அமெரிக்க அழைப்புக்குறிகளுக்கான 'கே' முன்னால் ஒட்டிக்கொண்டது. ஹோட்டல் எரிந்தும் அதன் முதலெழுத்துகள் இன்னும் காற்றில் இருக்கின்றன.

குறில், நெடில், மௌனம்

மோர்ஸில் இரண்டே ஒலிகள். ஒன்று குட்டை, ஒன்று நீளம். எழுதும்போது புள்ளி, கோடு என்பார்கள். வாயால் சொல்லும்போது 'டிட்', 'டா'.

தமிழ் படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நம் இலக்கணம் கணக்கில் எடுக்காத ஒன்றை மோர்ஸ் கணக்கில் எடுக்கிறது: மௌனம். ஒரே எழுத்துக்குள் இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஒரு மாத்திரை சும்மா இருக்கவேண்டும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மூன்று. இரண்டு சொற்களுக்கு நடுவே ஏழு. மௌனத்தில் கணக்கு தவறினால் எழுத்தே மாறிவிடும். 'டிட் டா' என்று சேர்த்து அடித்தால் அது 'ஏ'. நடுவில் கொஞ்சம் நின்றுவிட்டால் 'ஈ', 'டி' என்று இரண்டு எழுத்தாகிப்போகும்.

இந்த மாத்திரை எவ்வளவு நேரம்? வேகத்தைப் பொறுத்தது. வேகத்தை அளக்கப் 'பாரிஸ்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தில் அதை அடித்து, பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்தால் சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 20 பாரிஸ் என்றால் ஆயிரம் மாத்திரை. ஒரு டிட்டுக்கு ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு. கப்பல் ரேடியோக்காரர்களுக்கு இருபது என்பது சாதாரண நடை.

எங்கள் தெருவில் கப்பலில் ரேடியோ ஆபிசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடியில் கப்பலுக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ரேடியோ ரூமில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக அலையில் பேசும் உரிமத்துக்கான தேர்வுக்காக நான் மோர்ஸ் அட்டவணையை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மூன்று மாதமாகியும் நிமிடத்துக்கு ஐந்து சொல்லைத் தாண்ட முடியவில்லை. அவரிடம் போய் நின்றேன்.

"ஏல தம்பி, மொதல்ல அந்த அட்டையைக் கிழிச்சிப் போடு. தகதிமின்னு ஒருத்தன் சொன்னா, எத்தனை அடின்னு எண்ணியா பாக்க? காதுல விழுந்ததும் தெரியுதுல்லா? அப்படித்தான்."

அவர் சொன்னது இதுதான். அட்டையில் படித்தவன் ஒலியைக் கேட்டு, அதைப் புள்ளி கோடாக மனசில் எழுதி, எண்ணி, அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடிக்கிறான். அதற்குள் அடுத்த மூன்று எழுத்துகள் போய்விடுகின்றன. காதால் படித்தவனுக்கு 'டாடிடாடிட்' என்பது நாலு ஒலி கிடையாது, ஒரே சொல்கட்டு. அது 'சி'. இன்னும் பழகினால் எழுத்துகூட மறைந்து, முழுச்சொல் ஒரே தாளமாகக் கேட்கும். 'டாடிடா டிடாடாடிட் டிடிடிடிட்' என்று வாய்விட்டு நாலுமுறை சொல்லிப்பாருங்கள். கேபிஎச். இனி எங்கே கேட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

காற்றில் இல்லாத ஓசை

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விஷயங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது. ரேடியோவில் 'கீ கீ' என்று கேட்கிறதே, அந்தக் 'கீ' காற்றில் வருவதே இல்லை.

அனுப்பும் நிலையம் செய்வது, டிரான்ஸ்மிட்டரை மூடித் திறப்பது மட்டும்தான். கீ என்பது மோர்ஸ் அடிக்கும் கைப்பொத்தான். அதை அழுத்தினால் அலை உண்டு, விட்டால் இல்லை. அந்த அலையில் பேச்சோ இசையோ எதுவும் ஏற்றப்படவில்லை. நொடிக்கு லட்சக்கணக்கில் அதிரும் வெறும் அலை; எந்தக் காதாலும் கேட்க முடியாது. அப்படியென்றால் ஓசை எங்கே உண்டாகிறது? கேட்பவரின் ரிசீவருக்குள்.

தம்புரா சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவிலிருக்கும் இரண்டு சாரணித் தந்திகளும் ஒரே சுருதியில் இருக்கவேண்டும். கொஞ்சம் பிசகியிருந்தால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது 'வோங் வோங்' என்று ஒரு அலைச்சல் கேட்கும். அந்த அலைச்சல் எந்தத் தந்தியிலும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிறக்கிறது. ரிசீவரிலும் இதேதான். கேபிஎச் 8642 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்றால், ரிசீவர் தன் பங்குக்கு 8642.7 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையை உள்ளுக்குள்ளேயே உண்டாக்கி இதோடு கலக்கிறது. வித்தியாசம் 0.7 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 700 அதிர்வு. அது காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. குமிழைத் திருகினால் சுருதி ஏறும், இறங்கும். ஆக, கலிபோர்னியாவிலிருந்து வருவது மௌனமான ஓர் அலை. அதற்குக் குரல் கொடுப்பது உங்கள் மேஜைமேல் இருக்கும் பெட்டி. சும்மா பாட்டுக் கேட்கும் சாதாரண ரேடியோவில் இந்த உள் அலை இருக்காது. அதனால்தான் அதில் மோர்ஸ் பெரும்பாலும் வெறும் 'உஸ் உஸ்' என்றோ, பக்கத்து நிலையத்தோடு மோதும்போது மட்டும் கீச்சிட்டோ கேட்கும்.

இந்த எளிமைக்கு ஒரு பலனும் உண்டு. பேச்சை அனுப்ப இரண்டரை, மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் போதும். இருக்கிற சக்தி முழுவதும் ஒரு சின்ன இடுக்கில் குவிகிறது. ரிசீவரிலும் அந்த இடுக்கை மட்டும் திறந்துவைத்து, மீதி இரைச்சலை வெளியே நிறுத்திவிடலாம். பேச்சு புரியாமல் போகும் இடத்தில் மோர்ஸ் தெளிவாகக் கேட்பது இதனால்தான். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். சந்தை இரைச்சலில் அம்மா கூப்பிடும் குரலைப் பிள்ளை பிரித்தெடுக்கிறதே, அந்தத் திறமைதான்.

ஒரு தந்தி போய்ச்சேரும் விதம்

கேபிஎச் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் பொலினாஸ் என்ற ஊரில். கேட்கும் ரிசீவர்களும் ஆட்களும் வடக்கே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, பாயின்ட் ரேயஸில். ஏன் இந்தப் பிரிவினை? நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? பசிபிக் நடுவிலிருந்து வரும் கப்பலின் அலை அவ்வளவு மெலிதானது. அதனால் பாயின்ட் ரேயஸில் ஒருவர் கீயை அழுத்துவார்; தரைவழிக் கம்பியில் அது பொலினாஸ் போய் அங்கே டிரான்ஸ்மிட்டரை இயக்கும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தையும் கேட்கலாம்.

சரி, கப்பல் எப்படி நிலையத்தைக் கண்டுபிடிக்கும்? அதற்குத்தான் 'வீல்' என்று அவர்கள் சொல்லும் ஏற்பாடு. தந்தி எதுவும் இல்லாத நேரத்திலும் நிலையம் சும்மா இருக்காது. 'வி வி வி, டிஇ கேபிஎச் கேபிஎச்' என்று ஒரே வாக்கியம், இயந்திரத்தால் சுழன்று சுழன்று போய்க்கொண்டிருக்கும். 'டிஇ' என்றால் 'இன்னாரிடமிருந்து'. கூடவே எந்தெந்த அலைவரிசைகளில் காது கொடுத்திருக்கிறோம் என்ற குறிப்பும் வரும். கோயில் வாசலில் விளக்கு எரிவதைப்போல. ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வாக்கியம் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் போகும்: 4, 6, 8, 12, 17, 22 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. ஒன்று போதாதா? போதாது. பூமிக்கு மேலே சூரிய ஒளியால் மின்னேறிய காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அயனி மண்டலம் என்பார்கள். சிற்றலை அதில் பட்டுத் திரும்பிக் கீழே வருவதால்தான் ஆயிரக்கணக்கான மைல் போகிறது. ஆனால் அந்த அடுக்கு வெயிலோடு மாறிக்கொண்டே இருக்கும். பகலில் உயர்ந்த அலைவரிசைகள் நன்றாகப் போகும், தாழ்ந்தவை உறிஞ்சப்பட்டுவிடும். இரவில் நேர்மாறு. கப்பல்காரர் எல்லா இடத்திலும் முள்ளை வைத்துப் பார்ப்பார். எதில் கேபிஎச் பலமாகக் கேட்கிறதோ, அந்தப் பட்டையில் தானும் கூப்பிடுவார். அவருக்கு வானிலை அட்டவணை எதுவும் தேவையில்லை, காதே சொல்லிவிடும்.

குறிப்பிட்ட நேரங்களில் வீல் நிற்கும். அழைப்புப் பட்டியல் வரும்: யார் யாருக்குத் தந்தி காத்திருக்கிறதோ அந்தக் கப்பல்களின் குறிகள் வரிசையாக. தபால்காரர் தெருவில் நின்று பெயர் கூப்பிடுவதைப்போலத்தான். தன் குறி காதில் விழுந்த கப்பல் பதில் கொடுக்கும். பேச்சு எல்லாம் மூன்றெழுத்துச் சுருக்கங்களில் நடக்கும். 'கியூடிசி' என்றால் உனக்குத் தந்தி இருக்கிறது. 'கியூஆர்யூ' என்றால் ஒன்றுமில்லை. 'கியூஆர்எம்' என்றால் வேறு யாரோ குறுக்கே அடிக்கிறார்கள். 'கியூஎஸ்எல்' என்றால் வாங்கிக்கொண்டேன். கிரேக்க மாலுமியும் ஜப்பானிய மாலுமியும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இதில் 'கை' என்று ஒன்று உண்டு. எல்லோரும் அடிப்பது ஒரே சங்கேதம்தான் என்றாலும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு இழுப்பு, ஒரு அவசரம் இருக்கும். சிலர் மேலும் கீழும் போகும் சாதாரணக் கீ வைத்திருப்பார்கள். சிலர் பக்கவாட்டில் தட்டினால் தானாகவே டிட் டிட் என்று உதறும் அரைத் தானியங்கிக் கீ. ரசத்தை வாயில் வைத்ததும் இது யார் கைப்பக்குவம் என்று சொல்வதில்லையா? பத்து எழுத்து கேட்டதும் யார் அடிக்கிறார் என்று தெரிந்துவிடும். முகம் பார்க்காமலே இருபது ஆண்டு சிநேகிதம் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம்.

மணிக்கு ஆறு நிமிட மௌனம்

கப்பலின் ரேடியோ ரூமில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகத்தில் இரண்டு இடங்களில் சிவப்பு வண்ணத்தில் ஆப்பு ஆப்பாகப் பட்டை. 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரை ஒன்று. 45 முதல் 48 வரை இன்னொன்று. அண்ணாச்சி வீட்டில் முதன்முதலாக அப்படி ஒரு கடிகாரத்தின் படத்தைப் பார்த்து, அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலில் ஆபத்துக்கான அலைவரிசை 500 கிலோஹெர்ட்ஸ். அழைப்பதற்கும் அதுதான். எல்லாக் கப்பலும் எல்லாக் கரையும் அதில் கூடுவதால் எந்நேரமும் சந்தைக்கடை. அந்தச் சந்தையில் தூரத்தில் மூழ்கும் ஒரு சின்னக் கப்பலின் குரல் எப்படிக் கேட்கும்? அதற்காகத்தான் சிவப்புப் பட்டை. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு தடவை, மூன்று மூன்று நிமிடம், எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் கேட்க மட்டும் வேண்டும். ஒருவருக்கொருவர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கடலெங்கும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டார்கள். இப்படி ஒரு ஒழுங்கு மனிதர்களுக்குள் இத்தனை காலம் நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1912. டைட்டானிக் பனிப்பாறையில் இடித்தது ஏப்ரல் 14, இரவு 11.40. பக்கத்தில் கலிபோர்னியன் என்ற கப்பல் பனியில் நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரே ரேடியோக்காரர் சற்று முன்புதான் வேலையை முடித்துப் படுக்கப்போயிருந்தார். டைட்டானிக்கின் அழைப்பை அந்தக் கப்பலில் யாரும் கேட்கவில்லை. தூரத்திலிருந்த கார்பேத்தியா கேட்டு, ஓடிவந்து, படகுகளில் இருந்தவர்களைக் காப்பாற்றியது. இதற்குப் பிறகுதான் இரவும் பகலும் ரேடியோவில் காது இருக்கவேண்டும் என்ற விதிகள் இறுகின. ஆள் தூங்கும் நேரத்துக்கு என்று பின்னால் தானியங்கி மணி வந்தது: நாலு நொடி நீளமுள்ள பன்னிரண்டு கோடுகள், ஒரு நொடி இடைவெளியில். அது காற்றில் வந்தால் கப்பலில் மணி அலறும்.

எஸ்ஓஎஸ் என்பது எந்த ஆங்கில வாக்கியத்தின் சுருக்கமும் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்டது ஒரு தாளத்தை: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில், நடுவில் எழுத்து இடைவெளி இல்லாமல். தப்பாகக் கேட்க வழியில்லாத தாளம் என்பதுதான் அதன் சிறப்பு. 'ஆன்மாக்களைக் காப்பாற்று' என்பதெல்லாம் பிறகு யாரோ விரித்துச் சொன்னது.

கடைசிக் குரல்கள்

செயற்கைக்கோள் வந்தது. பொத்தானை அழுத்தினால் தானாகவே இருக்குமிடத்தோடு அபாயக்குறி போகும் ஏற்பாடு வந்தது. 1999 பிப்ரவரி 1 முதல் அதுவே முழுமையாக உலக விதியாயிற்று. கப்பலில் மோர்ஸ் தெரிந்த ஆள் கட்டாயம் இல்லை. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவில் கப்பல் கவிழும்போது ஒருவர் காதையும் கையையும் நம்பியிருப்பதைவிடப் பொத்தான் நல்லது. அண்ணாச்சியும் அப்படித்தான் சொன்னார்.

பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31இல் விடைபெற்றது. "எல்லோருக்கும் அழைப்பு. நித்திய மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல்" என்ற பொருளில் அவர்கள் அனுப்பிய செய்தி ரொம்பப் பிரபலம். அதே ஆண்டு கேபிஎச்சின் உரிமம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறி, பாயின்ட் ரேயஸிலும் பொலினாஸிலும் நடந்த வேலை நின்றது. 1999 ஜூலை 12இல், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஹாஃப் மூன் பேயிலிருந்து, அமெரிக்காவின் கடைசி வணிக மோர்ஸ் செய்தி என்று அறிவிக்கப்பட்ட செய்தி போனது. முடிக்கும்போது அவர்கள் அடித்தது, 1844இல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய அதே விவிலிய வாக்கியம். தமிழ் வேதாகமத்தில் எண்ணாகமத்தில் 'தேவன் என்னென்ன செய்தார்' என்று வருமே, அது.

நம் ஊரில் 2013 ஜூலையில் தந்திச் சேவை மூடப்பட்டதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு வெகுமுன்பே நம் தந்தியில் மோர்ஸ் மறைந்துவிட்டது. கடைசி நாளில் வரிசையில் நின்றவர்கள் அனுப்பியது கணினி வழியாகத்தான்.

ஓடவிட்டால்தான் நிலையம்

இங்கேதான் வேறு சிலர் நுழைகிறார்கள். கடல்சார் வானொலி வரலாற்றுச் சங்கம் என்ற தன்னார்வக் குழு. சின்ன வயதில் ரேடியோவில் கப்பல் குரல் கேட்டு வளர்ந்தவர்களும், கேபிஎச் போன்ற நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் இதில் இருக்கிறார்கள். கேபிஎச்சின் கட்டடங்கள் பாயின்ட் ரேயஸ் தேசியக் கடற்கரைப் பூங்காவின் பொறுப்புக்கு வந்திருந்தன. இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் கிளைகோத்து நிற்கும் நீண்ட பாதை, அதன் முடிவில் 1930களின் பாணியில் ஒரு வெள்ளைக் கட்டடம். உள்ளே ரிசீவர்கள், மேஜைகள், கீகள். பொலினாஸில் டிரான்ஸ்மிட்டர்கள்.

சாதாரணமாக இப்படி ஒரு இடத்தை என்ன செய்வோம்? தூசி தட்டி, கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்து, டிக்கெட் கொடுப்போம். இவர்கள் அதைச் செய்யவில்லை. நிலையத்தை மறுபடி காற்றில் ஏற்றினார்கள். கடைசிச் செய்தி போன நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 2000 ஜூலை 12இல், கேபிஎச் மீண்டும் கேட்டது.

இதுதான் சரி என்பது என் கட்சி. நாதஸ்வரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் மரத்தைக் காப்பாற்றலாம், வாசிப்பு போய்விடும். நிறுத்தி வைத்த டிரான்ஸ்மிட்டர் ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான். அதை எந்த வரிசையில் போடவேண்டும், வால்வு என்ற கண்ணாடிக் குழாய் சூடேற எவ்வளவு பொறுக்கவேண்டும், எந்த மீட்டர் எங்கே நின்றால் நெஞ்சு படபடக்கவேண்டும், அழைப்புப் பட்டியலை எந்தத் தொனியில் அடிக்கவேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இருக்காது. பழைய ஆள் பக்கத்தில் நின்று, புதிய ஆள் கையை வைத்தால்தான் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

சொல்வது சுலபம். கடற்காற்று உப்போடு வீசும் இடம். கம்பியும் கம்பமும் இன்சுலேட்டரும் அரித்துக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்மிட்டர்கள் பலவும் 1940, 50களின் ஆட்கள்: ஆர்சிஏ, பிரஸ் வயர்லெஸ் போன்ற கம்பெனிகள் செய்தவை. உயரம் ஆளுயரத்துக்கு மேல், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். வால்வு போனால் கடையில் கேட்க முடியாது. எங்கோ யார் பரணிலோ கிடப்பதைத் தேடிக் கொண்டுவரவேண்டும். பழைய கன்டென்சர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். ஒன்றைச் சரிசெய்யும்போது, மூலத்தில் இருந்ததைப்போலவே செய்வதா, இன்று கிடைக்கும் பொருளை வைத்து ஓட்டுவதா என்ற சண்டை எப்போதும் வரும். எந்தப் பழைய ரேடியோவைத் திறந்தவருக்கும் அந்தச் சண்டை தெரியும். என் வீட்டில் என்னோடு நானே போட்டிருக்கிறேன்.

ஆனாலும் சனிக்கிழமைதோறும் அவர்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் 'தொடரலைத் திருச்சபை' என்று விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மோர்ஸ் போகும் அலைக்குத் தொடரலை என்று பெயர்; அதை வைத்து ஒரு கிண்டல். காலையில் பலகாரம், பிறகு ஒலிபரப்பு. கேபிஎச் மட்டும் அல்ல, சங்கத்துக்கென்று கேஎஸ்எம் என்ற குறியில் தனி உரிமமும் இருக்கிறது. வானிலை போகும், செய்தி போகும், வீல் சுழலும். கேட்டவர்கள் எழுதினால் அத்தாட்சி அட்டை வரும்.

இவர்களைப்போல் வேறு இடங்களிலும் உண்டு. ஸ்வீடனின் கிரிமெட்டானில் எஸ்ஏகியூ என்ற நிலையம் 1920களிலிருந்து நிற்கிறது. கப்பலுக்கானது அல்ல; அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்பக் கட்டியது. அங்கே வால்வே கிடையாது. ஒரு பெரிய இயந்திரம் சுழன்று, அந்தச் சுழற்சியாலேயே 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதையும் சும்மா நிறுத்திவைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் ஓடவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டுமா?

ஆண்டுக்கு ஒருமுறை கேபிஎச்சின் பெரிய நாள் வருகிறது. 'இரவுகளின் இரவு' என்று அவர்கள் சொல்லும் ஜூலை 12. தொடங்கும் நேரம் கலிபோர்னியாவில் மாலை 5.01. கடைசிச் செய்தி முடிந்த கணத்துக்கு ஒரு நிமிடம் கழித்து என்று கணக்கு. நமக்கு அது ஜூலை 13, காலை 5.31.

அலைவரிசைகளில் சில: 6477.5, 8642, 12808.5, 17016.8 கிலோஹெர்ட்ஸ். நம் வீட்டு மாடியில் கம்பி கட்டிக் கலிபோர்னியாவை நேரடியாகக் கேட்பது பொறுமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தால் நடக்கும் காரியம், பூமியின் மறுபக்கம். ஆரம்பத்தில் அதை நம்பி உட்கார வேண்டாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் யாராவது இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரிசீவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்; உலாவியிலேயே முள்ளை நகர்த்தலாம். 'சிடபிள்யூ', அதாவது தொடரலை, என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன உள் அலை இருக்காது. 8642இல் வையுங்கள். ரிசீவர் கேட்கும் அகலத்தை 500 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிடுங்கள். அட்டவணை எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் மூன்று குறிலும் ஒரு நெடிலுமாக ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது 'வி'. கொஞ்சம் பொறுங்கள். டாடிடா, டிடாடாடிட், டிடிடிடிட்.